சொல்லத் தெரியாத நோவு

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நம்மவர் பழமொழி. ஆயினும், சத்திரசிகிச்சை முடிந்து வைத்தியசாலைக் கட்டிலிற் கிடந்து அழுத பிள்ளைக்கு நோவாற்றும் மருந்து கிடைப்பதற்கு நெடுங்காலம் சென்றது. கற்றறிந்த வைத்தியர்களே அவ்வழுகையைப் பொருட்படுத்தாதிருந்தமை மருத்துவ வரலாற்றிலே சிந்தித்தற்குரிய ஓர் அத்தியாயமாகும்.

1846 ஆம் ஆண்டு ஒக்டோபர் 16 ஆந் திகதி, அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், வில்லியம் மோட்டன் என்னும் பல்வைத்தியர் ஈதர் ஆவியால் ஒருவரை மயங்கச் செய்ய, அவர் கழுத்திலிருந்த கட்டிக்குச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டில் எடின்பரோ நகரில் சிம்சன் குளோரபோமைக் கையாண்டார். சத்திரசிகிச்சைக் கூடங்களில் அலறல் ஓயத் தொடங்கிற்று. ஆனால், 1848 சனவரியில், இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு அண்மையில், கால்விரல் நகத்தை அகற்றுவதற்காகக் குளோரபோம் கொடுக்கப்பட்ட 15 வயதுச் சிறுமியொருத்தி சில நிமிடங்களில் உயிர் நீத்தாள். மருந்து உயிரையே பறித்துவிடுமோ என்னும் அச்சம் அன்றே பிறந்தது.

அச்சத்துக்குத் துணையாக ஒரு கொள்கையும் வந்து சேர்ந்தது. சிசுவின் நரம்புகள் முதிராதவை. ஆதலின் அது நோவை உணராது. உணரினும் நினைவிற் கொள்ளாது என்றனர். வளர்ந்த பிள்ளைகளின் நிலையும் மேலானதன்று. 1970களில் ஐயோவாவைச் சேர்ந்த தாதியியல் ஆய்வாளர் ஜோ ஈலண்ட், சத்திரசிகிச்சை பெற்ற 4 முதல் 8 வயது வரையான 25 பிள்ளைகளின் குறிப்பேடுகளை ஆராய்ந்தார். அவர்களுள் 13 பேருக்கு நோவு நீக்கும் மருந்து ஒருமுறையேனும் கொடுக்கப்படவில்லை. எஞ்சிய 12 பேரும் பெற்றவை மொத்தம் 24 வேளை மருந்தே. அதே வகை நோயுடைய 18 பெரியவர்களோ அறுநூறு வேளைக்கு மேற் பெற்றிருந்தனர்.

குறைமாதச் சிசுக்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. தசைகளை அசையாது கட்டும் மருந்தும் மெல்லிய மயக்க வாயுவும் மாத்திரமே பலவிடத்தும் கொடுக்கப்பட்டன. அழுவதற்குக்கூட அச்சிசுவால் இயலாது. அந்த அமைதியை நோவின்மையென எண்ணினர். ஒக்ஸ்போட்டில் ஆய்வு நடத்திய இந்திய வைத்தியர் ஆனந்த், 1987 இல் தம் தோழருடன் வெளியிட்ட ஆய்வு இவ்வெண்ணத்தைத் தகர்த்தது. இதயத்தருகே சத்திரசிகிச்சை பெற்ற 16 சிசுக்களுள், பென்ரனில் என்னும் வலிய நோவுநீக்கியையும் பெற்றவற்றின் உடலிற் கலவரம் குறைந்தது, பின்விளைவுகளும் குறைந்தன. வாய் பேசாத சிசுவுக்காக அதன் குருதியே சாட்சி சொல்லிற்று. அவ்வாண்டிலேயே அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம், சிசுக்களுக்கும் உணர்வகற்றும் மருந்து வேண்டுமென அறிவித்தது.

இனி, நோவை எங்ஙனம் அளப்பது? 1980களில் ஒக்லகோமா மாநிலத்தின் ரல்சா நகரில் டொனா வொங் என்னும் தாதியும் கொனி பேக்கரும் சிரிக்கும் முகம் முதல் கண்ணீர் வடிக்கும் முகம் வரை ஆறு முகங்களை வரிசைப்படுத்தினர். பிள்ளை தன் நோவுக்கு ஒத்த முகத்தை விரலாற் சுட்டிக் காட்டும். பேசவறியாச் சிசுக்களுக்கென 1997 இல் மிச்சிகனில் வேறோர் அளவுகோல் வெளியாயிற்று. முகம், கால்கள், உடலசைவு, அழுகை, தேற்றத் தேறுந் தன்மை ஆகிய ஐந்தும் அதிற் கணிக்கப்படும்.

இக்காலத்தில் நோவு முற்றும்வரை காத்திராது, பிள்ளையின் நிறைக்கேற்ற அளவில், நேரந் தவறாது மருந்து கொடுக்கின்றனர். காயத்தருகே நரம்பை மரக்கச் செய்கின்றனர். தாய் தந்தையரை அருகிருத்துகின்றனர். ஈதரும் குளோரபோமும் கண்டறிந்து நூற்றாண்டுக்கு மேற் சென்ற பின்னரே இந்நிலை எய்தியது. குறைவாயிருந்தது மருந்தன்று, பிள்ளையின் நோவை நம்பும் மனமே. சொல்லத் தெரியாதவர்க்கு நோவில்லை என்று எண்ணுவது எத்துணைப் பெரும் பிழை என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.