மெழுகு வாங்கித் தந்த நிலம்

சென்ற பொங்கலுக்கு நம் சங்கத்துச் சிறுவர் சிறுமியர் உருகிய மெழுகினால் வாழ்த்து அட்டைகள் தீட்டினர். அதனைக் கண்ட அன்பர் ஒருவர், "இந்த வேலை நாளைக்குச் சோறு போடுமா, சார்?" என்று வினவினார். பிழைப்பு நாடி எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வந்து குடியேறிய நமக்கு அவ்வினா இயல்பானதே. அன்று நான் விடை கூறவில்லை. இம்மலரின் வாயிலாகக் கூற விழைகின்றேன்.

மெழுகோவியம் மிகப் பழைய கலை. தேன்மெழுகை உருக்கி, வண்ணப் பொடி கலந்து, சூடு ஆறுமுன் பலகையில் தீட்டும் முறையைக் கிரேக்கர் கையாண்டனர். எகிப்து நாட்டின் ஃபாயூம் பகுதியில், கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில், இறந்தோரின் முகங்களை இவ்வாறு எழுதி, பதப்படுத்திய உடலின்மீது பொருத்தினர். அம்முகங்கள் அருங்காட்சியகங்களில் இன்றும் நம்மை உற்று நோக்குகின்றன.

தமிழகத்திற்கும் மெழுகு புதிதன்று. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் சமைத்து, மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகத்தை வார்ப்பர். கோடாலி கருப்பூர் நெசவாளர், தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தாருக்கு மெழுகிட்டுச் சாயமேற்றிய சேலைகளை ஆக்கித் தந்தனர். 1855-இல் அவ்வரசு முடிவுற்றது. வாங்குவார் குன்றினர், அச்சேலைக் கலையும் நலிந்து மறைந்தது.

அரசர் மறைந்தபின் கலைஞனைக் காப்பவர் யார்? ஒரு நூற்றாண்டு கழித்து இவ்வினா சென்னையில் மீண்டும் எழுந்தது. 1850-இல் தோன்றிய சென்னைக் கலைப் பள்ளிக்கு 1957-இல் முதல்வரானவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த அவர், இளமையில் குடும்பத்தைக் காக்கத் தந்தித் துறையில் பணியாற்றியவர். வயிற்றுப்பாட்டின் சுமையை நேரில் அறிந்தவர். தம் மாணவர் கல்வி முடித்தபின் ஓவியத்தால் வாழ வழியின்றித் தவிப்பதைக் கண்டு வருந்தினார்.

அவர்கள் கண்ட வழிகளுள் தலையாயது 'பாத்திக்' என்னும் கைத்தொழில். உருகிய மெழுகினால் துணியில் கோலமிட்டுச் சாயத்தில் தோய்த்தால், மெழுகுள்ள இடத்தில் சாயம் பற்றாது. பின்னர் மெழுகை நீக்கினால் ஓவியம் வெளிப்படும். ஜாவாத் தீவில் சிறந்தோங்கிய இக்கலையைச் சென்னை ஓவியர் தம் கற்பனைக்கேற்ப ஆண்டனர். விற்ற பணத்தைத் தனித்தனியே செலவிடாமல் ஒன்று திரட்டினர். அப்பொருளைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரை மணலில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை அமைத்தனர். ஏறத்தாழ 40 கலைஞர் அம்முயற்சியில் இணைந்தனர். கைத்தொழில் உணவளித்தது, எஞ்சிய பொழுதில் தாம் விரும்பிய ஓவியத்தை எவர்க்கும் அஞ்சாது தீட்டினர். பணிக்கர் 1977-இல் மறைந்தார். அவர் கண்ட கிராமம் இன்றும் நிலைத்திருக்கின்றது.

இனி நம் சிறுவர் செய்த அட்டைக்கு வருவோம். இளஞ்சூடான சிறு இஸ்திரிப் பெட்டியின் அடியில் வண்ண மெழுகைத் தேய்த்து, வழவழப்பான கெட்டி அட்டையின்மேல் மெல்ல இழுத்தனர். மலையும் வானமும் போன்ற தோற்றங்கள் தாமே எழுந்தன. பெட்டியின் சூட்டைப் பெரியவர் காத்தனர். ஓர் அட்டையைப் போல் மற்றொன்று அமையவில்லை. 1843-இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பவர் கிறிஸ்துமஸ் வாழ்த்தை அச்சிடச் செய்தது, எல்லோருக்கும் கடிதம் எழுத நேரமின்மையால். இன்று கைப்பேசி அந்தச் சிறு உழைப்பையும் நீக்கிவிட்டது. பொங்கலன்று எனக்கு வந்த கைப்பேசி வாழ்த்துகளுள் ஒன்றும் இப்போது நினைவில் இல்லை. என் தந்தையாருக்கு வந்த பொங்கல் அட்டைகளோ தகரப் பெட்டியில் இன்றும் பத்திரமாக உள்ளன.

ஆகவே அன்பரின் வினாவிற்கு என் விடை இது: மெழுகு வேலை ஒருகால் சோறும் போட்டது, நிலமும் வாங்கித் தந்தது. உடன் உழைத்தவர் ஒற்றுமையாய் நின்றதே அதற்குக் காரணம். நம் மக்கள் யாவரும் ஓவியராக வேண்டியதில்லை. கையால் செய்யும் தொழிலைத் தாழ்வென்று எண்ணாதிருந்தால் போதும்.

அவ்வன்பரின் மகள் தீட்டிய அட்டை சேலத்திலுள்ள அவள் பாட்டிக்கு அஞ்சலில் சென்றது. பாட்டியார் அதனைச் சுவாமி படத்தருகே வைத்திருப்பதாகக் கேள்வி.