35 பேருடன் மாயமான நீர்மூழ்கி.. 103 வருஷம் கழித்து சிக்கியது எப்படி? விடாமல் தேடிய கடற்படை அதிகாரிகள்!

1914 செப்டம்பர் 14. முதல் உலகப்போர் தொடங்கி சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஜெர்மனி வசம் இருந்த நியூ கினியின் ரபால் துறைமுகத்தை ஆஸ்திரேலியப் படைகள் அப்போதுதான் கைப்பற்றியிருந்தன. அங்கிருந்து ரோந்துக்குப் போன ஏஇ1 நீர்மூழ்கிக் கப்பல், 35 பேருடன் திரும்பி வரவே இல்லை.

அன்று மதியம் பாரமட்டா போர்க்கப்பலில் இருந்தவர்கள் பார்த்ததுதான் கடைசி. எண்ணெய்ப் படலமோ, உடைந்த பாகமோ, உடல்களோ எதுவுமே கிடைக்கவில்லை.

யார் இந்த ஜான் ஃபாஸ்டர்?

ஆஸ்திரேலிய கடற்படையில் கமாண்டராக இருந்தவர். 1970-களில் பப்புவா நியூ கினியில் பணியாற்றியபோது இந்தக் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. 1976-ல் தொடங்கிய தேடலை ஓய்வுக்குப் பிறகும் அவர் விடவில்லை. 2007-ல் சோனாரில் ஒரு உருவம் தெரிந்தது. 'கிடைச்சாச்சு' என்ற நம்பிக்கை வந்தது. ஆனா, அது வெறும் பாறை! விடை தெரியாமலேயே 2010-ல் ஃபாஸ்டர் காலமானார்.

தேடலைத் தொடர்ந்தவர் யார்?

ஓய்வுபெற்ற ரியர் அட்மிரல் பீட்டர் பிரிக்ஸ். கடற்படை வாழ்க்கையின் பெரும்பகுதியை நீர்மூழ்கிகளோடு கழித்தவர். காலின்ஸ் ரக நீர்மூழ்கிகளின் பிரச்னைகளைச் சரிசெய்த குழுவுக்குத் தலைமை வகித்தவரும் இவர்தான்.

சிக்கியது எப்படி?

2017 டிசம்பரில் 13-வது முறையாகத் தேடல் நடந்தது. மலேசிய விமானம் எம்எச்370-ஐத் தேடிய அதே ஃபுக்ரோ ஈக்குவேட்டர் கப்பல்தான் இதிலும் இறங்கியது. ஆளில்லா கருவி ஒன்று கடல் தரைக்குச் சற்று மேலே ஊர்ந்து ஸ்கேன் செய்தது. டியூக் ஆஃப் யார்க் தீவுகள் அருகே, 300 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் ஏஇ1 கிடந்தது.

மூழ்கக் காரணம் என்ன?

2018-ல் பெட்ரல் ஆய்வுக் கப்பல் எடுத்த படங்களில், காற்றோட்டக் குழாயின் வால்வு முழுசாக மூடப்படாதது தெரிந்தது. கப்பல் நீருக்குள் இறங்கியபோது அந்த வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எதிரி தாக்குதல் அல்ல, ஒரு வால்வுதான் 35 உயிர்களைப் பறித்திருக்கலாம்.

கப்பல் இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதுவே அந்த 35 பேரின் கல்லறை. அது எங்கே என்று அவர்களின் குடும்பங்களுக்கு இப்போதாவது தெரியும்.