வலிப்பும் மருந்தும்: ஓர் ஒப்புநோக்கின் வரலாறு

அரபு மொழியில் வலிப்பு நோய்க்கு 'ஸரஉ' என்று பெயர். மற்போரில் எதிரியைத் தரையில் வீழ்த்துதலைக் குறிக்கும் வேர்ச்சொல் அது. கிரேக்கர் வழங்கிய பெயருக்கோ 'பற்றிக்கொள்ளுதல்' என்பது பொருள். இரண்டிலும் கண்காணாத பகைவன் ஒருவன் நிற்கிறான். அவனைப் பேயென எண்ணியோர் மந்திரத்தை நாடினர். நோயென உணர்ந்தோர் மருந்தைத் தேடினர். மருந்துகள் பலவானபோது, அவற்றுள் சிறந்தது எது என்னும் வினா எழுந்தது. அதற்கு நேரிய விடை காண்பது எத்துணை அரிது என்பதை ஈண்டு நோக்குவோம்.

ஒப்பிட்டு அறியும் முறை பழமையானது. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த மருத்துவ மேதை அபூபக்ர் அர்-ராஸி, மூளைக் காய்ச்சலின் அறிகுறி கண்டோருள் ஒரு சாராருக்குக் குருதி வடித்தும், மறு சாராரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாது விடுத்தும் விளைவை நோக்கினார். அவருடைய 'அல்-ஹாவி' இதற்குச் சான்று.

வலிப்புக்கு 1857-இல் லண்டன் மருத்துவர் லோகாக் புரோமைடைப் பரிந்துரைத்தார். 1912-இல் ஜெர்மானியரான ஹாப்ட்மன் பீனோபார்பிட்டோனின் பயனைக் கண்டார். 1938-இல் அமெரிக்கரான மெரிட்டும் பட்னமும் பெனிட்டோயினை அளித்தனர். கார்பமாசெபின், வால்புரோயேட் ஆகியவை பின்வந்தவை.

இவற்றுள் புரோமைடு ஒழிந்த நான்கையும் குழந்தைகளிடையே ஒப்பிட்ட பிரிட்டானிய ஆய்வொன்று 1996-இல் வெளிவந்தது. பீனோபார்பிட்டோன் பெற்ற முதல் பத்துக் குழந்தைகளுள் அறுவருக்குப் பக்கவிளைவு மிகுந்ததால், அதன்பின் எக்குழந்தைக்கும் அம்மருந்து ஒதுக்கப்படவில்லை. வலிப்பை அடக்குவதில் எஞ்சிய மூன்றினிடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. ஆயின் எக்குழந்தைக்கு எம்மருந்து என்பதை மருத்துவரும் பெற்றோரும் அறிந்தே இருந்தனர் என்பதை நாம் மறக்கலாகாது. அவப்பெயர் பெற்ற மருந்தின்மீது ஐயமும் விரைந்தே எழுமன்றோ!

ஈராண்டு கழித்து, 1998-இல், மேற்கு வங்காளத்துச் சிற்றூர்க் குழந்தைகள் 94 பேரிடம் நிகழ்ந்த ஆய்வு வெளியாயிற்று. சிலர்க்குப் பீனோபார்பிட்டோனும் சிலர்க்குப் பெனிட்டோயினும் தந்து, இரு சாராரின் நடத்தையையும் அளந்தனர். பீனோபார்பிட்டோன் பெற்றோரிடம் நடத்தைக் கேடு மிகுந்திருக்கவில்லை. மருந்துகளுள் மிக மலிவானது அதுவே. அதனைத் தள்ளிவிட்டால் ஏழைக் குழந்தைக்கு விலையுயர்ந்த மருந்து கிட்டிவிடாது. எம்மருந்தும் கிட்டாமலே போகக்கூடும்.

வலிப்பை அடக்குவது மட்டுமே அளவுகோலாகாது என்பதை 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வு உணர்த்திற்று. கணநேரம் நினைவு தவறி வெறித்து நோக்கும் வகை வலிப்புடைய 453 குழந்தைகள் அதில் பங்குற்றனர். பதினாறு வாரங்களில் எத்தோசக்சிமைடு நூற்றுக்கு 53 பேருக்கும், வால்புரோயேட் 58 பேருக்கும், லாமோட்ரிஜின் 29 பேருக்கும் பலனளித்தன. முதலிரண்டும் ஏறத்தாழச் சமமே. எனினும் வால்புரோயேட் உண்டோருள் நூற்றுக்கு 49 பேரிடம் கவனக் குறைவு காணப்பட்டது. எத்தோசக்சிமைடு உண்டோரிடம் அது 33. ஆகவே இவ்வகை வலிப்புக்கு எத்தோசக்சிமைடே முதன்மை பெற்றது.

வலிப்பு நின்ற பிள்ளை பாடத்தில் மனம் ஊன்றுகிறதா, அதன் மருந்தைத் தாய் திங்கள்தோறும் வாங்க இயலுமா என்னும் இரண்டையும் சேர்த்து எடைபோடும் துலாக்கோலே செவ்விய துலாக்கோலென நாம் கருதுகிறோம்.