கண்ணீர் இல்லாத பெயர்

கிளைகள் தரையை நோக்கித் தாழ்ந்து தொங்கும் மரங்களை ஆங்கிலேயர் 'அழும் மரங்கள்' என்பர். இப்பெயருக்குப் பின்னே ஒரு பழங்கதை உண்டு. பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டு செல்லப்பட்ட யூதர், ஆற்றங்கரை மரங்களிலே தம் யாழ்களைத் தொங்கவிட்டு அழுத செய்தியை 137ஆம் சங்கீதம் கூறும். அம்மரங்களை வில்லோ என்றே மேனாட்டார் கொண்டனர். சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் லின்னேயசு, 1753ஆம் ஆண்டில் தாழ்கிளை வில்லோவுக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியபோது, பாபிலோனையும் அதனோடு பிணைத்துவிட்டார். உண்மையிலோ அம்மரத்தின் தாயகம் சீனா. யூதர் கண்டது யூப்பிரத்தீசு ஆற்றங்கரையில் வளரும் பொப்பிலர் வகை என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் கருத்து. தமிழில் வேதாகமத்தை மொழிபெயர்த்தோர் அதனை 'அலரி' ஆக்கினர். வில்லோவை அறியாத மக்களுக்கு அவர்கள் வேறு எதனைத்தான் சொல்வது!

யப்பானியர் இம்மரங்களுக்கு இட்ட பெயரிலே அழுகை இல்லை. 'ஷிதாரே' என்பது அவர்கள் சொல். தொங்குதல், தாழ்ந்து வீழ்தல் என்பது அதன் பொருள். 'கிளை', 'தொங்கு' என்னும் இரண்டு சீன எழுத்துக்களைச் சேர்த்து அதனை எழுதுவர். வில்லோவுக்கு முன் அதனை வைத்தால் 'ஷிதாரே யனாகி'. செரிக்கு முன் வைத்தால் 'ஷிதாரே ஸாகுரா'. சிந்தோ ஆலயக் கயிறுகளில் தொங்கும் வெண்தாள் இழைகளின் பெயராகிய 'ஷிதே' என்பதும் இதே அடியிற் பிறந்தது என்பர். மலைக்கோழியின் நீண்ட வாலையும் பழம் புலவர்கள் இச்சொல்லாலேயே சிறப்பித்தனர். மரம், தாள், பறவையின் வால் எனக் கண்ணாற் காணும் வடிவத்தை மட்டுமே இச்சொல் சுட்டுகின்றது. மனத்தின் நிலையை அன்று.

எட்டாம் நூற்றாண்டிலே தொகுக்கப்பட்ட 'மன்யோஷூ' என்னும் பாடற்றொகுதியிலும் தாழ்கிளை வில்லோ உண்டு. அரசவையினர் அதனை மாலையாக்கித் தலையில் அணிந்தனர் என அங்கே காண்கிறோம். அழும் மரத்தை எவர் விழாக் கோலமாகச் சூடுவர்? 'இதோ' என்றால் நூல். ஆகவே 'இதோ ஸாகுரா' என்பது நூற்செரி. மெல்லிய கிளைகளை நூலிழைகளாகக் கண்ட கண்ணே அப்பெயரை ஆக்கியது. வில்லோவின் கிளை பனியின் சுமையால் முறிவதில்லை என்று யப்பானில் ஒரு பழமொழி வழங்குகின்றது. தாழ்தல் அவர்களுக்குத் தளர்ச்சியாகத் தோன்றவில்லை.

எனினும் யப்பானியர் அம்மரத்தில் மகிழ்ச்சியை மட்டுமே கண்டனர் என்று கூறுவதும் பிழையாகும். எடோ காலத்து ஓவியர்கள் ஆவிகளை நிறுத்த விரும்பிய இடம் வில்லோவின் அடியே. அச்சம் மரத்தைச் சூழ்ந்தது. பெயரை மட்டும் அது தீண்டவில்லை.

இவ்வகை மரங்களுள் மிகப் புகழ் வாய்ந்தது புக்குஷிமா மாகாணத்திலே மிஹாரு என்னும் ஊரில் நிற்கின்றது. மிஹாரு என்றால் மூன்று வசந்தங்கள். பிளம், பீச்சு, செரி ஆகிய மூன்றும் அங்கே ஒரே காலத்திற் பூப்பதால் வந்த பெயராம். அங்குள்ள செரி மரத்தின் வயது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் என மதிப்பிடப்படுகின்றது. நாற்றிசையும் கிளைகளைப் பொழியும் அம்மரத்தை 'தகி ஸாகுரா', அதாவது அருவிச் செரி, என அழைக்கின்றனர். 1922ஆம் ஆண்டிலே அரசாங்கம் அதனை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தது.

வில்லோவுக்குரிய பழமொழி செரிக்குப் பொருந்தவில்லை. 2005ஆம் ஆண்டு சனவரியிற் பெய்த கடும்பனியில் அதன் கிளைகள் பல முறிந்தன. ஊரார் திரண்டு சென்று பனியை அகற்றி, எஞ்சிய கிளைகளுக்கு முட்டுக்கொடுத்துக் காத்தனர். அதனினும் பெரிய துன்பம் 2011ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வந்தது. நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் தொடர்ந்து, கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அணுமின் நிலையத்திலிருந்து கதிரியக்கம் வெளிப்பட்டது. மேலிடத்துக் கட்டளைக்குக் காத்திராது, மிஹாரு நகராட்சி அயடீன் மாத்திரைகளை மக்களுக்கு வழங்கியது. கரையோரத்திலிருந்து வீடிழந்து வந்தோர் பலர் அவ்வூரிலே தங்கினர்.

அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்திலும் அருவிச் செரி பூத்தது. வழமைபோல வெளியூர்க் கூட்டம் வந்து திரளவில்லை.