அசல் இல்லை என்பது யார் கூற்று? ‘ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்’ தொடரில் ஆவணமும் பொறுப்பும்

காமியாமா கென்ஜி இயக்கிய ‘கோஸ்ட் இன் த ஷெல்: ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்’ (2002–2003) அனிமே தொடர் பற்றிய ஆய்வுகளில் ஒரு வாசிப்பு ஏறக்குறைய முடிந்த முடிபாகிவிட்டது. தொடரின் மையக் குற்றவாளியான ‘சிரிக்கும் மனிதன்’ என்பவனுக்கு அசல் கிடையாது, நகல்கள் மட்டுமே உண்டு; எனவே தொடர் சித்திரிப்பது அசலற்ற நகல்களின் உலகம் என்பது அவ்வாசிப்பு. பிம்பக் கோட்பாட்டின் துணையோடு சொல்லப்படுவதால் அதற்கு ஒரு கவர்ச்சி உண்டு. தொடரின் பெயரே அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால் இவ்வாசிப்பு தொடரின் ஒரே ஓர் உரையாடலை, அதிலும் பாதியை மட்டும், ஆதாரமாகக் கொண்டது. மறுபாதியைச் சேர்த்துப் படித்தால் வேறொரு முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்த உரையாடல் 26ஆம் பகுதியில், நூலகத்தில் நிகழ்கிறது. வழக்கு முடிந்தபின், அதைத் துப்பறிந்த புலனாய்வுக் குழுவான ஒன்பதாம் பிரிவின் குசனாகி மோட்டோகோவும், சிரிக்கும் மனிதனாகத் தேடப்பட்ட அவோயும் பேசிக்கொள்கிறார்கள். தான் எதையும் தொடங்கியவன் அல்லன், இடையில் நின்று கடத்திவிட்டு மறைந்துபோகும் ஊடகம் மட்டுமே என்று அவோய் தன்னை விளக்குகிறான். பிரெட்ரிக் ஜேம்சன், ஓசாவா மசாச்சி ஆகிய கோட்பாட்டாளர்களின் பெயர்கள் அங்கே வெளிப்படையாகவே வருகின்றன. தொலைக்காட்சித் தொடரின் பாத்திரங்கள் கோட்பாட்டாளர்களைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டால், நம் துறையினர் அந்தக் காட்சியையே தொடரின் திறவுகோலாக எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை.

குசனாகி அங்கே முன்வைக்கும் கருத்துக்கு இரண்டு கிளைகள் உண்டு. எல்லாருக்கும் பொதுவாகிச் சமப்படுத்தப்படும் தகவல் தன் தனித்தன்மையை இழக்கிறது. அதன்பின், நோக்கம் ஏதுமற்ற பிறரின் நனவிலிக்குள் அது கரையலாம். நோக்கமுள்ள பிறரின் விருப்பத்துக்குள் உள்வாங்கப்படவும் செய்யலாம். முதல் கிளை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது. இரண்டாவது கிளையை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் இது இருப்பின் தன்மை பற்றிய கூற்றாகத் தோன்றவில்லை. ஏன் என்றறியாமல் நகலெடுத்தவர்கள் ஒருபுறம், ஏன் என்று நன்கறிந்தே நகலெடுத்தவர்கள் மறுபுறம் என, வழக்கை முடித்த ஒரு புலனாய்வாளர் போடும் வகைப்பாடாகவே தோன்றுகிறது.

இந்த வகைப்பாட்டைத் தொடரிலேயே சோதித்துப் பார்க்கலாம். 6ஆம் பகுதியில் காவல்துறைத் தலைவர் தாய்தோவைக் கொல்ல, ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாத பலர் பொது நிகழ்ச்சிக்குள் புகுகிறார்கள். கூட்டுச்சதி இல்லை, வைரஸ் தாக்குதலாகவும் அத்தனை பேரையும் விளக்க முடியவில்லை. நோக்கமற்ற நகல் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி இல்லை. ஆனால் அந்த மேடையை அமைத்தது யார்? சிறப்புப் புலனாய்வுக் குழுவினரின் கண்களிலேயே வேவுக் கருவிகள் பொருத்தப்பட்டிருந்த ஊழல் வெளிவந்தபோது, அதைப் புதைக்கக் காவல்துறை மேலிடமே போலிக் குற்றவாளி ஒருவனை ஏற்பாடு செய்கிறது. நுண்பொறி நிறுவனங்களைச் சிரிக்கும் மனிதனின் பெயரால் மிரட்டிய தொடர் குற்றங்களின் நூலும் கடைசியில் ஆளுங்கட்சிச் செயலர் யாகுஷிமாவிடம் போய்த்தான் முடிகிறது. இவர்களும் நகலெடுத்தவர்களே. ஆனால் இவர்களுக்குப் பெயரும் பதவியும் இலாபமும் இருக்கின்றன. ‘அசலே இல்லை’ என்ற சொல்லாடலால் மிகப் பெரிய பயன் அடையக்கூடியவர்களும் இவர்களே. எல்லாம் நகல் என்றாகிவிட்டால் எவரும் குற்றவாளி இல்லை அல்லவா?

அவோய் எந்தக் கிளையைச் சேர்ந்தவன் என்பது கடினமான கேள்வி. முந்தைய வாசிப்பு வலுவாக நிற்கும் இடமும் இதுதான். செரானோ ஜீனோமிக்ஸ் நிறுவனத்தை மிரட்டும் மின்னஞ்சல் ஒன்றை அவன் வலையில் தற்செயலாகக் கண்டெடுக்கிறான். மின்மூளை இறுகல் நோய்க்கு விற்கப்படும் நுண்பொறிச் சிகிச்சையில் பலனில்லை, பலனளித்த முராய் தடுப்பு மருந்து திட்டமிட்டு ஒதுக்கப்பட்டது என்பது அதன் உள்ளடக்கம். அதை நம்பி அவன் அந்நிறுவனத் தலைவரைக் கடத்தி, 2024 பிப்ரவரி 3 அன்று நேரலைக் கேமராவின் முன் உண்மையைச் சொல்லும்படி துப்பாக்கி முனையில் கேட்கிறான். மின்னஞ்சலை எழுதியவர் யார் என்பது தொடர் முடியும்வரை தெரிவதில்லை. ஆக, அவனுடைய செயலுக்கு அசல் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆசிரியர் தெரியாதது வேறு, உள்ளடக்கத்தைச் சரிபார்க்க முடியாதது வேறு. மருந்து வேலை செய்ததா இல்லையா என்பது கடிதத்தை எழுதியவரைப் பொறுத்ததன்று. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் முந்தைய வாசிப்பின் அடிப்படைப் பிழை. தொடர் ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லை.

இதற்குச் சான்று, கதையின் போக்கைத் திருப்பும் பொருள் எது என்பதில் இருக்கிறது. அது ஒரு பட்டியல்: முராய் மருந்தைச் சிறப்பு அனுமதியின் பேரில் பெற்றுக்கொண்டவர்களின் பெயர்ப்பட்டியல். அம்மருந்தைத் தடுத்த இமாகுருசுவின் பெயரே அதில் இருக்கிறது. ஊருக்கு மறுத்த மருந்தைத் தனக்குப் போட்டுக்கொண்டவர் அவர். 20ஆம் பகுதியில் ஒன்பதாம் பிரிவைச் சேர்ந்த தொகுசா இப்பட்டியலின் தடத்தைப் பின்தொடர்ந்து, மருந்தால் பாதிக்கப்பட்டோருக்காக இயங்கும் சூரியகாந்தி அமைப்பின் அலுவலகத்துக்குச் செல்கிறான். சுகாதார அமைச்சகத்தின் போதைப்பொருள் தடுப்புப் பிரிவு ஆயுதங்களோடு அங்கே நுழைகிறது. பிறகு இமாகுருசுவும் கொல்லப்படுகிறார். அசல் என்ற ஒன்றே இல்லாத உலகில் ஒரு பட்டியலுக்காக இத்தனை உயிர்கள் ஏன் போகவேண்டும்? பிம்பக் கோட்பாட்டு வாசிப்பில் இக்கேள்விக்கு விடை இல்லை. பெரும்பாலான ஆய்வுகள் இப்பகுதியைக் கதைச்சுருக்கத்தில் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன.

மின்மூளை உலகில் ஆவணத்தையும் பொய்யாகத் தயாரிக்கலாமே என்று கேட்கலாம். தயாரிக்கலாம். ஆனால் அழிக்கத் துடிப்பவர்களின் பதற்றமே இந்தப் பட்டியல் உண்மை என்பதற்கு உள்சான்று. சிரிக்கும் மனிதனின் சின்னமும் எழுத்தாளர் சாலிஞ்சர் பற்றிய குறிப்புகளும் தொடரில் நிறைந்திருப்பதால் இது அடிப்படையில் பிம்பம் பற்றிய கதை என்ற வாதம் என்னை அசைக்கவில்லை. சின்னம் மறைப்பது ஒரு முகத்தை. அம்முகம் வெளிப்பட்டபின்னும் வழக்கு முடிந்துவிடவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

ஜப்பானியச் சூழலோடு பொருத்திப் பார்ப்பதிலும் இதே சாய்வு தெரிகிறது. சிரிக்கும் மனிதனைப் படித்தவர்கள் உடனே சென்றடையும் நிகழ்வு கிளிகோ–மொரினாகா வழக்கு. 1984 மார்ச்சில் எசாகி கிளிகோ நிறுவனத் தலைவர் கடத்தப்பட்டார். ‘இருபத்தொரு முகங்களுடைய மாயாவி’ என்று தம்மை அழைத்துக்கொண்டவர்கள் காவல்துறையைக் கேலி செய்து கடிதங்கள் எழுதினார்கள். தின்பண்டங்களில் சயனைடு கலந்து கடைகளில் வைத்தார்கள். 2000இல் வழக்கின் காலவரம்பு முடிந்தது, எவரும் பிடிபடவில்லை. நிறுவனத் தலைவரின் கடத்தல், ஊடகத்துக்கு எழுதிய கடிதங்கள், பிடிபடாத முகம் என ஒப்புமை அப்பட்டமானது. மறுக்கத் தேவையில்லை. ஆனால் அந்த ஒப்புமை கடத்தலை விளக்குகிறதே தவிர, கடத்தலுக்கான காரணத்தை விளக்குவதில்லை.

காரணத்துக்கு நெருக்கமானது, கறைபட்ட இரத்தப் பொருள்களால் இரத்தம் உறையாமை நோயாளிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளான விவகாரம். 1989இல் தொடங்கிய வழக்குகளில் சுகாதார அமைச்சகம் நெடுங்காலம் பொறுப்பேற்க மறுத்தது. 1996இன் தொடக்கத்தில் அமைச்சராக வந்த கான் நாவோதோ விசாரணைக் குழு அமைத்தார். கிடைக்கவில்லை என்று சொல்லப்பட்டுவந்த கோப்புகள் அமைச்சகத்துக்குள்ளேயே கண்டெடுக்கப்பட்டன. பாதிக்கப்பட்டவர்களிடம் அவர் பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்டார். மார்ச்சில் உடன்பாடு ஏற்பட்டது. மருந்து அனுமதியில் நிபுணரின் செல்வாக்கு, நிறுவன நலன், அமைச்சகத்தின் மௌனம், பாதிக்கப்பட்டோரின் அமைப்பு, கடைசியில் ஒரு கோப்பு. தொடரின் எலும்புக்கூடு இதுதான். வேறுபாடும் உண்டு: நிகழ்ந்ததில் தீய மருந்து புழக்கத்தில் விடப்பட்டது, கதையில் நல்ல மருந்து தடுக்கப்படுகிறது. படைப்பாளிகளின் எண்ணம் இதுவே என்று நான் சாதிக்க வரவில்லை. தொடர் வெளியானபோது ஆறேழு ஆண்டுகளே பழையதாகியிருந்த அந்நிகழ்வின் நினைவோடு பார்த்த ஜப்பானியப் பார்வையாளருக்கு, பட்டியல் ஒன்று காணாமல் போவது வெறும் கதை உத்தியாகத் தோன்றியிருக்காது என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இந்நோக்கில் இறுதிப் பகுதியின் இன்னொரு காட்சி புதிய எடை பெறுகிறது. ஒன்பதாம் பிரிவு சிதைக்கப்பட்டபின் தனித்துவிடப்பட்ட தொகுசா, யாகுஷிமாவைத் தேடித் துப்பாக்கியோடு போகிறான். அவனுடைய சக உறுப்பினன் பாட்டோ வந்து தடுக்கிறான். இதைத் தோழமையின் நெகிழ்ச்சியான தருணமாக மட்டுமே ஆய்வாளர்கள் குறித்திருக்கிறார்கள். ஆனால் தொகுசா அக்கணத்தில் சிரிக்கும் மனிதனின் அடுத்த நகலாக மாறிக்கொண்டிருக்கிறான். முன்னாள் துப்பறிவாளனான அவன் வழக்கின் உண்மைகள் அனைத்தையும் அறிந்தவன். அவனுக்கு நோக்கமும் உண்டு. அப்படியிருந்தும் அவன் சுட்டிருந்தால் யாகுஷிமா பாதிக்கப்பட்டவராகியிருப்பார், பட்டியல் மறக்கப்பட்டிருக்கும். அடுத்த நகல் பிறப்பதைத் தடுப்பதே அங்கே புலனாய்வின் கடைசி வேலையாகிறது. நகல் தவிர்க்க முடியாதது என்று கருதும் ஒரு தொடர் இக்காட்சியை இப்படி எழுதியிருக்காது.

நூலகத்தில் குசனாகி சொல்லும் விடையும் இங்கே பொருந்துகிறது. சமப்படுத்தலின் எல்லையில் தனித்தன்மையை மீட்க வழி உண்டா என்பதற்கு, ஆர்வம்தான் என்று அவள் ஐயத்தோடு சொல்கிறாள். நினைவுகளை நாள்தோறும் தமக்குள் ஒன்றாக்கிக்கொண்டும் தனித்தனி இயல்புகள் பெற்றுவிட்ட, ஒன்பதாம் பிரிவின் சிந்திக்கும் இயந்திரங்களான தாச்சிகோமாக்கள் அவளுக்கு அதைக் காட்டியவை. ஆர்வம் என்றால், வந்து சேர்ந்த தகவலை அப்படியே கடத்தாமல் உண்மையா என்று தேடிப் போவது. அவோய் செய்ததும் தொகுசா செய்ததும் அதுவே.

இரண்டாம் பருவம் (2004–2005) பின்னர் எழுதப்பட்டது, முதல் பருவத்துக்கு அதைச் சான்றாக்கக் கூடாது என்பார்கள். அதே படைப்பாளிகள் தம் கருத்தை எப்படி விரித்தார்கள் என்பது சான்றாகாமல் போகாது. அங்கே உளவுத்துறை அதிகாரி கோதா, இல்லாத ஒரு கட்டுரையைத் தூண்டிலாக்கி வைரஸ் வழியே ‘தனிநபர் பதினொருவர்’ என்ற நகல் கூட்டத்தைத் திட்டமிட்டே உற்பத்தி செய்கிறான். குசனாகியின் இரண்டாவது கிளை இங்கே ஆளுருவம் பெற்று நிற்கிறது: நோக்கமுள்ள பிறர். அசல் கட்டுரை இல்லை. ஆனால் அதை இட்டுக்கட்டியவன் இருக்கிறான், அவனுக்கு ஓர் அலுவலகமும் இருக்கிறது. இருந்தும் என் வாசிப்புக்கு ஓர் இடர்ப்பாடு அங்கிருந்தே எழுகிறது. முதல் பருவம் பட்டியலை நம்பியது. இரண்டாம் பருவத்தின் முடிவில் கோதா நாட்டைவிட்டு வெளியேறுமுன் பிரதமரின் இசைவோடு குசனாகியால் சுட்டுக் கொல்லப்படுகிறான். விசாரணை இல்லை, கோப்பும் இல்லை. தொகுசாவின் கையைப் பிடித்து நிறுத்திய தொடர் இங்கே குசனாகியின் கையை ஏன் நிறுத்தவில்லை என்பதை, இரு பருவங்களையும் ஒன்றாகப் படிக்கும் தனி ஆய்வு ஒன்றே விளக்கமுடியும்.