பண்டிகைக் கொடையின் வரலாறு: கல்முனைக் கரையோரம் பற்றிய ஒரு நோக்கு

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அரசர் பெயர்களிலும் போர் நிகழ்ந்த ஆண்டுகளிலும் மட்டுமே தேடுதல் முழுமையான முயற்சியாகாது. அயலவர் வீட்டுக்கு அனுப்பப்படும் பலகாரத் தட்டிலும் வரலாறு உண்டு. பிரான்சிய அறிஞர் மார்செல் மோஸ், 1925 இல் வெளியான தமது கட்டுரையில், கொடை என்பது கொடுத்தல், ஏற்றல், திருப்பியளித்தல் என்னும் மூன்று கடமைகளால் ஆனது என விளக்கினார். இவற்றுள், திருப்பியளித்தல் எப்போது நிகழ்கின்றது என்னும் வினாவே அம்பாறைக் கரையோரத்தைப் பொறுத்தவரை முதன்மை பெறுகின்றது.

1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் உருவாயிற்று. அதன் கரையோரப் பெருந்தெருவில் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என முஸ்லிம் ஊர்களும் தமிழூர்களும் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்துள்ளன. போர்த்துக்கேயரால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 1626 இல் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான். அதற்கு முன்னரும் இங்கு முஸ்லிம்கள் வாழ்ந்தனர். இரு சமூகத்தாரும் தமிழையே தாய்மொழியாகக் கொண்டனர். தாய்வழிக் குடிமுறையையும் பொதுவாகப் போற்றினர். ஒத்த வயதினர் சமய வேறுபாடின்றி ஒருவரையொருவர் 'மச்சான்' என விளிப்பதும், மூத்த முஸ்லிம் ஆடவரைத் தமிழர் 'காக்கா' என அழைப்பதும் இவ்வுறவின் அடையாளங்களாகும்.

இப்பகுதியின் கொடை வழக்கம் வயலிலேயே வேரூன்றியது எனலாம். நிலவுடைமையாளரான போடியார், வேலையை மேற்பார்வை செய்யும் முல்லைக்காரர், அவரின் கீழ் உழைக்கும் வயற்காரர் என அமைந்த நெற்செய்கையில், போடியார் ஒரு சமூகத்தவராகவும் உழைப்பாளர் மற்றைச் சமூகத்தவராகவும் இருத்தல் உண்டு. களவெட்டியிற் சூடு மிதித்துக் கூலி நெல் அளந்ததும் கணக்குத் தீர்ந்துவிடும். ஆனால் பெருநாளுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் வழங்கப்படும் புடைவையோ அரிசியோ கைவிசேடமோ அக்கணக்கில் அடங்குவதில்லை. அடுத்த போகத்திலும் இவரே உடனிருப்பார் என்னும் நம்பிக்கையே அதன் பொருளாகும். மருதமுனைத் தறிகளில் நெய்யப்பட்ட சாறனும் சேலையும் இவ்வாறான கொடைப் பொருள்களாக விளங்கின.

1949 இல் நிறுவப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபையும், அதன் பின்னர் பெருகிய பாடசாலைகளும் அரசாங்கக் கந்தோர்களும் கொடைக்குப் புதிய களத்தை அமைத்தன. ஆசிரியர் அறையிலும் எழுதுநர் மேசையிலும் தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே அமர்ந்தனர். நோன்புப் பெருநாள் கழிந்து கடமைக்குத் திரும்புபவர் வட்டிலப்பமும் தொதலும் கொணர்வார்; தைப்பொங்கலுக்குப் பின் மற்றவர் பலகாரம் கொணர்வார். வாழ்த்து அட்டைகளும் கைமாறின. மேலதிகாரிக்குக் கீழோர் தரும் பொருள் வேறு, சமநிலையினர் பகிரும் பொருள் வேறு என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. முன்னையது இலஞ்சமாகும் அபாயம் உண்மையினாலேயே 1954 ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டமும், பின்னர் 2023 ஆம் ஆண்டின் ஊழலெதிர்ப்புச் சட்டமும் அரச ஊழியர் பெறும் பொருளுக்கு வரம்பிட்டன. ஒரு தட்டுப் பலகாரம் எவரிடத்தும் சலுகையை வேண்டி நிற்பதன்று.

எதை வழங்குவது என்பதிலும் நுண்ணிய அறிவு செயற்பட்டது. ஹஜ்ஜுப் பெருநாளின் குர்பான் இறைச்சியில் ஒரு பங்கு உறவினருக்கும் நண்பருக்கும் உரியது. எனினும் மாட்டிறைச்சி உண்ணாத இந்து நண்பருக்கு இனிப்பும் பழமுமே செல்லும். தெய்வத்துக்குப் படைத்ததை முஸ்லிம்கள் உண்ணாராதலின், படையலுக்கு முன்னரே எடுத்து வைத்த பங்கு அவர்களுக்கு அனுப்பப்படும். மற்றவரின் விலக்கினை அறிந்து கொடுத்தலே இங்கு மரியாதையாயிற்று.

இக்கொடைமுறையின் தனித்தன்மை நாட்காட்டியிற் புலப்படுகின்றது. பெற்றவர் அன்றே திருப்பித் தருவதில்லை. தமது பண்டிகை வரும்வரை காத்திருக்கின்றார். பொங்கலும் புத்தாண்டும் சூரியனின் இயக்கத்தை ஒட்டியவை. பெருநாட்களோ பிறைக் கணக்கினால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னகர்பவை. எனவே கொடைக்கும் கைம்மாறுக்கும் இடைப்பட்ட காலம் ஒருபோதும் ஒரேயளவாக இராது. சுமார் 33 ஆண்டுகளுக்கு ஒருமுறை நோன்புப் பெருநாள் சித்திரைப் புத்தாண்டை அண்மிக்கும். 1991 இலும் 2024 இலும் இவ்விரண்டும் ஒரு வாரத்துக்குள் அமைந்தன.

இந்தக் காத்திருப்புக்குத் தேவையான நம்பிக்கையே பின்னர் தகர்ந்தது. 1985 ஏப்பிரலில், புத்தாண்டை ஒட்டிய நாட்களில், காரைதீவிலும் அயலிலும் தமிழர்-முஸ்லிம் கலவரம் மூண்டது. 1990 ஓகத்து 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்களும், அதே மாதம் 12 இல் வீரமுனையில் தஞ்சம் புகுந்திருந்த தமிழரும் கொல்லப்பட்டனர். எட்டுத் திங்கள் கழித்து, 1991 இல், இரு சமூகத்தாரின் பண்டிகைகளும் ஒரே வாரத்தில் வந்தன. வானத்திற் பிறையும் கதிரும் நெருங்கிய அவ்வேளையில் மண்ணில் அயலூர்கள் வெகுதொலைவில் இருந்தன. அடுத்த பண்டிகைக்கு அயலவர் இருப்பாரோ என்னும் ஐயம் எழுந்த இடத்தில், கொடை முதலிலேயே நின்றுவிடும். வேலையும் வாணிகமும் தேவையினால் மீளும். கொடையோ நம்பிக்கையினாலன்றி மீளாது.

2004 டிசெம்பர் 26 இன் ஆழிப்பேரலை இலங்கையிலேயே மிகுந்த உயிர்ச்சேதத்தை இம்மாவட்டத்துக்கு விளைத்தது. 10,000 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையும் பாண்டிருப்பும் சாய்ந்தமருதும் காரைதீவும் ஒருங்கே அழிவுற்றன. அவ்வழிவின் பின் முதற்கண் வந்த தைப்பொங்கலும் ஹஜ்ஜுப் பெருநாளும் 2005 சனவரியில் ஒரு வார இடைவெளியிலேயே அமைந்தன. கொண்டாடும் நிலையில் எவரும் இல்லாத அப்பண்டிகைகளில், இழப்பு ஒன்றே இரு சமூகத்துக்கும் பொதுவாயிருந்தது.

நிலம், நிர்வாக எல்லை ஆகியன பற்றிய பிணக்குகள் கல்முனையில் இன்னும் தீரவில்லை. பலகாரத் தட்டு அவற்றைத் தீர்த்துவைக்கும் எனக் கூறுதல் மிகையாகும். எனினும் கந்தோர்களிலும் பாடசாலைகளிலும் ஒருவர் தமது பெருநாளின் பங்கை மற்றவர் மேசையில் வைக்கும்போது, 'உமது பண்டிகை வரும்வரை நாம் அயலவராகவே இருப்போம்' என்னும் உறுதி சொல்லின்றி அளிக்கப்படுகின்றது. உடனே தீர்க்கப்படாத அக்கடனே இக்கரையோர மக்களைப் பிணைத்து வந்த முதுசொம் ஆகும்.