டோடோப் பறவையும் அதன் புனைவுருவும்: ஒரு வரலாற்று நோக்கு

அழிந்துபோன பறவையொன்று கணினி விளையாட்டிற் பாத்திரமாக மீண்டும் நடமாடுவது வரலாற்று மாணவரின் கவனத்துக்குரியதன்று எனச் சிலர் கருதக்கூடும். ஆயின், அப்பாத்திரம் எம்மூலத்திலிருந்து உருவாயிற்று என வினவத் தொடங்கினால், சான்றுகளின் நம்பகத்தன்மை பற்றிய பழைய வினாவுக்கே நாம் வந்துசேர்வோம். டோடோவின் கதை இத்தகையது.

2015இல் முதன்முதலாக வெளிவந்த 'ஆர்க்: சர்வைவல் இவோல்வ்ட்' என்னும் விளையாட்டில், ஆடுபவர் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் பிராணிகளுள் டோடோவும் ஒன்று. பருத்த உடல், மந்த நடை, தாக்க வருபவரைக் கண்டும் அஞ்சாத பேதைமை ஆகியவையே அதன் இயல்புகள். வெறுங்கையாலேயே அதனை வீழ்த்திவிடலாம். 2020இல் வெளிவந்த 'அனிமல் குறொசிங்: நியூ ஹொறைசன்ஸ்' என்பதிலோ ஓர்வில், வில்பர் என்னும் இரு டோடோக்கள் விமானசேவை நடத்துகின்றன. பறக்கவியலாப் பறவைகளுக்கு ரைட் சகோதரரின் பெயர்களைச் சூட்டியவரின் குறும்பு இரசிக்கத்தக்கதே. எனினும் ஈண்டு நாம் ஆராய வேண்டியது முன்னையதையே. அந்தக் கொழுத்த பேதை எங்கிருந்து வந்தது?

1598இல் ஒல்லாந்தக் கப்பல்கள் மொறீசியஸ் தீவை அடைந்தன. அங்கே வௌவாலினம் தவிர வேறு பாலூட்டிகள் இருந்தில. நிலத்தில் வாழ்ந்து நிலத்தில் முட்டையிட்ட டோடோவுக்கு மனிதனைக் கண்டு அஞ்சுதற்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை. மாலுமிகள் அதற்கு 'அருவருப்புப் பறவை' எனப் பொருள்படும் பெயரையிட்டனர்; நெடுநேரம் வேகவைத்தாலும் அதன் இறைச்சி கடினமாகவே இருந்தது என்பது அவர்களின் முறைப்பாடு. அதன் அச்சமின்மை பின்வந்தோர் எழுத்தில் அறிவின்மையாயிற்று. 1766இல் லின்னேயஸ் அதற்கு இட்ட இலத்தீன் பெயரின் இரண்டாம் கூறு 'இனெப்டஸ்' என்பதாகும். திறனற்றது என்பது அதன் பொருள். அப்போது அவ்வினம் அழிந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது. மறுத்துரைக்க இயலாத ஒன்றின்மீது விஞ்ஞானமே சுமத்திய பழி இஃது எனலாம்.

பருமனின் வரலாறு ஓவியத்தோடு தொடர்புடையது. 1626ஆம் ஆண்டளவில் றோலண்ட் சாவெரி வரைந்ததும், இன்று இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளதுமான ஓவியமே டோடோவின் உருவத்தைப் பிற்காலத்தார் மனத்திற் பதித்தது. சாவெரி மொறீசியசுக்குச் சென்றவரல்லர். 1865இல் அத்தீவின் சதுப்பு நிலமொன்றில் எலும்புகள் கிடைத்தபோது, பேரறிஞரான றிச்சட் ஓவன் அவற்றை இவ்வோவியத்தின் புறவரைக்குள் பொருத்தியே 1866இல் தம் ஆய்வை வெளியிட்டார். எலும்புகளைக் கொண்டு ஓவியத்தைச் சோதிப்பதற்கு மாறாக, ஓவியத்துக்கேற்ப எலும்புகள் அடுக்கப்பட்டன! சில ஆண்டுகளின் பின் அவரே அதனைத் திருத்தி, நிமிர்ந்து நிற்கும் உருவொன்றை வெளியிட்டார். ஆயின் முதல் உருவமே மக்கள் மனத்தில் நிலைத்தது. அதே 1865இல் லூயிஸ் கரோலின் அலிஸ் கதையும் ஜோன் தெனியலின் சித்திரங்களோடு வெளிவந்து, டோடோவை வீடுதோறும் கொண்டுசென்றது. அக்கதையில் டோடோ பந்தயமொன்றை நடத்துகின்றது. ஓடிய அனைவரும் வென்றதாக முடிவு கூறுகின்றது. விளையாட்டுப் பாத்திரமாக டோடோ தோன்றியது அப்பக்கங்களிலேயே எனலாம்.

சாவெரிக்கு மாறான சான்று நம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து கிடைக்கின்றது. முகலாய மன்னன் ஜகாங்கீரின் அவையோவியர் உஸ்தாத் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் ஓவியமொன்று சென் பீற்றேர்ஸ்பேர்க்கில் உள்ளது. அதிலுள்ள டோடோ சாவெரியின் டோடோவினும் மெலிந்தது. சூரத்தில் இரு டோடோக்களைக் கண்டதாக ஆங்கிலப் பயணி பீற்றர் மண்டி எழுதியிருத்தலின், உயிருள்ள பறவையைப் பார்த்தே இவ்வோவியம் வரையப்பட்டிருத்தல் கூடும். நம்பத்தகுந்த டோடோ ஓவியங்களுள் ஒன்றாக ஆய்வாளர் பலர் இதனைக் கொள்வர். ஆயினும் விளையாட்டு அமைப்போரின் மேசைக்குச் சென்றது மன்சூரின் பறவையன்று.

மதியீனம் பற்றிய கூற்றும் நிலைபெறவில்லை. 2016இல் வெளியான ஆய்வொன்று, மண்டையோட்டின் உட்குழிவை அளந்து, டோடோவின் மூளை அதன் உடலளவுக்கு ஏற்றதே எனக் காட்டியது. புறாவினத்தைச் சேர்ந்த அப்பறவை தன் உறவினங்களினும் அறிவிற் குறைந்தது எனக் கொள்ள ஆதாரமில்லை.

அவ்வாறாயின் அது அழிந்ததேன்? கப்பல்களோடு வந்த எலிகளும் பன்றிகளும் குரங்குகளும் நிலத்திலிட்ட முட்டைகளைத் தின்றன, காடும் வெட்டப்பட்டது. பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படும் இறுதிக் காட்சி 1662இல், கப்பலுடைந்து தப்பிய வோல்கேட் எவேட்ஸ் என்பார் கரையையடுத்த சிறுதீவொன்றிற் கண்டதாகும். அதற்கு நான்காண்டுகள் முன், 1658இல், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி மொறீசியஸை முதன்முறை கைவிட்டிருந்தது. அதே ஆண்டில் அதே கம்பனி யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிக்கொண்டமையை நம் வாசகர் அறிவர். டோடோ மடிந்தது தன் பேதைமையால் என்று கூறுங்கால், கம்பனியின் கப்பல்கள் இறக்கிவிட்டவை கணக்கிலிருந்து நழுவிவிடுகின்றன. விளையாட்டின் டோடோமீது எமக்குள்ள குறை இதுவே; அதன் பருமனன்று.

ஒக்ஸ்போட்டில் டோடோவொன்றின் தலை உண்டு. தோலும் தசையும் எஞ்சியிருப்பது அதிலேதான். 1638இல் இலண்டனிற் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த பறவை இயல்பாக இறந்தபின் பாதுகாக்கப்பட்ட தலையே அது என நெடுங்காலம் நம்பப்பட்டது. 2018இல் நுண்கதிர்ப்படம் எடுத்தபோது, பிடரிப் பக்கத்தே பாய்ந்த ஈயச் சன்னங்கள் மண்டையோட்டினுள் காணப்பட்டன. வெறுங்கையால் வீழ்த்தலாம் என விளையாட்டு கற்பிக்கும் பறவையை எவரோ பின்னாலிருந்து சுட்டிருக்கின்றனர்.